தினமும் பிடுங்கப்பட்ட மல்லிகை

வள்ளி மணாளன் திருவடி பணிந்து எழுதுகிறேன்.

ஆடிக் கிருத்திகை நன்னாள். வேலூர் செல்லும் பேருந்தில் எனக்கு முன்னே ஒரு செவிலியர் அமர்ந்திருந்தார். ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை மேஸ்திரி ஒருவர் கம்பியைப் பிடித்தபடி அவரிடம் முறையிட்டார்.

“நீங்க குடுத்த மல்லிச்செடி வாடுது சிஸ்டர். தினம் புடுங்கி, வேரைப் பார்த்துட்டுத்தான் மறுபடி நடறேன்.”

“புடுங்கறீங்களா? இன்னா மேஸ்திரி இது!”

“பதம் பண்ண குழியில போட்ட தோலை தினம் தூக்கிப் பார்க்கலன்னா கெட்டுப்போய்டுமே?”

“அது செத்த ஆட்டோட தோலு. இது உயிரோட இருக்கு!”

“இது மூணாவது செடி. இதுவும் போச்சுன்னா அங்க கோழிக்கூண்டு வெச்சுடுவேன்னு என் சம்சாரம் சொல்லிட்டா.”

“ஒரு மாசம் தொடாதீங்க. காலைல தண்ணி மட்டும் ஊத்துங்க.”

“ஒரு மாசமா? மத்தியானமும் பார்க்கணும்னு கையோட எடுத்தாந்துட்டேனே!”

பையிலிருந்து செடியை எடுத்தார். செவிலியர் தண்டை நகத்தால் கீறினார். உள்ளே பச்சை இருந்தது. ஈரக் கைக்குட்டையில் வேரைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“தேறுற வரைக்கும் இது என் வார்டுல இருக்கும். பார்க்கணும்னா சாயந்திரம் நாலு மணிக்கு வாங்க.”

“நாலு மணிக்கு எனக்கு ஷிப்ட் இருக்கே சிஸ்டர்!”

“தெரியும்.”

வாசிப்போர் வீட்டுச் செடிகளெல்லாம் வேரூன்றிப் பூத்திடக் குமரன் அருள்க.