தூக்கின கால்

மகள்: இது உங்க கையெழுத்துதானே?

அப்பா: கைய எடு. அரம் ஓடிட்டிருக்கு.

மகள்: கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கப்பா.

அப்பா: சாவி வாங்க வந்தியா, சண்டை வாங்க வந்தியா?

மகள்: பொம்மைப் படத்த வெளிய விடறதுக்கு முன்னாடி நூறு பேர உக்காரவெச்சுப் போட்டுக் காமிச்சோம். ஆளுக்கொரு சீட்டு குடுத்தோம், மனசுல பட்டத எழுதுங்கன்னு. பேர் போட வேண்டாம்னும் சொன்னோம். அதுல இது ஒண்ணு.

அப்பா: பேர் வேண்டாம்னு சொல்லிட்டு, கையெழுத்த வெச்சுத் திருடனப் பிடிக்க வந்துட்டே. இதுக்குத்தான் நான் எவனையும் நம்பறதில்ல.

மகள்: 'பொம்மைக்கு உசுரு இருக்கு. செஞ்சவளுக்கு இல்ல.' பென்சில இந்த அமுக்கு அமுக்கறது நீங்க ஒருத்தர்தான். சீட்டே ஓட்டையாயிருக்கு.

அப்பா: அஞ்சாவதோட நின்னவன் நான். எழுதினா அழுத்தித்தான் எழுதுவேன். அழிச்சு எழுதற புத்தி கிடையாது.

மகள்: டைரக்டர் அத எல்லார் முன்னாடியும் சத்தமா வாசிச்சாரு. யார் எழுதினதுன்னு அவருக்குத் தெரியாது. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

அப்பா: சிரிச்சியா. நல்லது.

மகள்: வேற என்ன பண்ணச் சொல்றீங்க? எங்கப்பா எழுதினதுதான்னு எழுந்து சொல்லவா?

அப்பா: சொல்லியிருக்கலாம். பயம் என்ன... சரி, மத்தவன் எல்லாம் தேன்ல தொட்டு எழுதினானாக்கும்?

மகள்: இல்ல. ஒரு அம்மா எழுதியிருக்காங்க, லீவாச்சே, புள்ள சிரிக்கட்டும்னு கூட்டிட்டு வந்தா எலும்பும் பல்லுமாக் காமிக்கிறீங்க, என் சின்னவன் என் கக்கத்துல விட்ட தலைய இன்னும் வெளிய எடுக்கல, இன்னிக்கு அவன பாத்ரூமுக்கு நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்கன்னு.

அப்பா: நியாயமாத்தானே கேட்டிருக்கா.

மகள்: ஒரு பொண்ணு, பேய் பத்தல, இன்னும் நாலு விடுங்கன்னு. யாரோ ஒரு பெரியவர், பாடற அளவுக்கு மூச்சு இருந்தா அது ஏன் செத்துச்சுன்னு.

அப்பா: கெட்டிக்காரன்.

மகள்: அதுவும் நீங்க இல்லியே?

அப்பா: நான் எழுதினது ஒண்ணுதான். அதுக்கே வீடு தேடி வந்துட்டே.

சாவிக்கு வந்தவர்: பெரியவரே, இதுக்கு ஒரு சாவி போடணும்...

அப்பா: யார் வீட்டுச் சாவி?

சாவிக்கு வந்தவர்: என் வீட்டுதுதான்.

அப்பா: உன் வீட்டுதுன்னா பூட்டக் கழட்டிக் கொண்டா. வெறும் சாவிக்கு நான் சாவி போடறதில்ல. போ, போ. ...நீ சொல்லு. வேற என்ன எழுதிக் கிழிச்சிருக்காங்க?

மகள்: பாதிப் பேருக்கு மேல எழுதினது ஒரே விஷயம். அந்தக் கிழவிப் பேய் பாட்டு. பேய்ங்களுக்கு வருஷத்துல ஒருநாள் லீவு, எல்லாம் பாடிக்கிட்டே வீட்டுக்கு வருதுங்க, அதான கதை? அதுல கிழவி மாடிப்படி ஏறும்போது நடுவுல ஒரு குதி குதிக்குது. தூக்கின கால் ஒரு இடத்துல இருக்கு, கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள வேற இடத்துல இருக்கு. வெளிச்சமும் மாறுது. அதத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. அக்கறை இல்லாதவ செஞ்ச வேலைன்னு ஒருத்தர். உக்காந்து பாக்கறவன முட்டாளாக்காதீங்கன்னு இன்னொருத்தர்... நீங்க பாக்கலியா?

அப்பா: நான் பாதில எழுந்து வந்துட்டேன்.

மகள்: எந்த இடத்துல?

அப்பா: கிழவி படி ஏற ஆரம்பிச்சப்ப.

மகள்: ஏன்?

அப்பா: முட்டி வலி. அது கிடக்கட்டும். எவன் அவன், அக்கறை இல்லாதவன்னு எழுதினது?

மகள்: உங்களுக்கு ஏன் கோவம் வருது? நீங்க எழுதினதவிடவா?

அப்பா: நான் எழுதலாம். பெத்தவன். அவனுக்கு உன்னைப் பத்தி என்ன தெரியும்? அக்கறை இல்லாதவளா நீ? அந்த அக்கறையாலதானே இந்த வீடு இப்படிக் கிடக்கு.

மகள்: டைரக்டர் கூப்பிட்டுப் பேசினாரு. அந்த ஒரு இடத்த மட்டும் திருப்பி எடுத்துக் குடு, நாலு நாள் தர்றேன், இல்லேன்னா பாட்டையே வெட்டிருவேன்னாரு. இன்னிக்கு ஆறு மணிக்குள்ள சொல்லணும்.

அப்பா: எடுத்துத் தொலையேன்.

மகள்: மாட்டேன்.

அப்பா: எட்டு மாசம் செஞ்ச பாட்டு. நாலு நாளுக்குப் பாத்துக்கிட்டு...

மகள்: மாட்டேன்னா விடுங்களேன்.

அப்பா: என்னத்த விடறது? ஒரு நாளைக்கு நாலு செகண்டுதான் எடுக்க முடியும், பொம்மைய ஒரு நூல் அளவு நகர்த்தணும், ஒரு போட்டோ புடிக்கணும், மறுபடி ஒரு நூல்... நீதானே போன்ல உங்கம்மாகிட்ட ஓதுவே. நடுவுல விட்டா போச்சும்மா, பொம்மை சரிஞ்சுரும், லைட் மாறிரும், ஆரம்பிச்சா முடிச்சுட்டுத்தான் எழுந்திருக்கணும்னு. அவ ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்துக்கிட்டே அத நர்ஸுக்குப் பாடம் எடுத்தா. பெருமை. கடைசில அந்தப் பெருமையே அவளுக்குக் கொள்ளி வெச்சுது.

மகள்: அப்பா, வேண்டாம்.

அப்பா: ஏன் வேண்டாம்? அன்னிக்குக் காலைல பத்து மணிக்கு உனக்கு போன் பண்ணினேன். உடனே வான்னேன். ஒரு மணி நேர தூரம். நீ வந்து நின்னது சாயந்திரம் அஞ்சு. அவ ரெண்டரைக்கே போயாச்சு. என் மடில தலை வெச்சு, உன் பேரச் சொல்லிக்கிட்டே போனா. உங்க அத்தை கேட்டப்ப என்ன சொன்னே? வேலை முடியலன்னே. நின்ன இடத்துல நின்னு, கண்ணுல தண்ணிகூட இல்லாம.

மகள்: சொன்னேன்.

அப்பா: பொம்மைய முடிச்சுட்டுப் பெத்தவளப் பாக்க வந்தவ நீ. அதத்தான் சீட்டுல எழுதினேன். ஒரு எழுத்துகூட மாத்தமாட்டேன்.

மகள்: முடிச்சுட்டு வந்திருந்தா கால் ஏன் குதிக்குது?

அப்பா: என்ன?

மகள்: முடிச்சிருந்தா குதிக்காதுப்பா. நடுவுல விட்டாத்தான் குதிக்கும். நீங்களே இப்பத்தான் சொன்னீங்க.

அப்பா: ...இரு. இந்த அரத்த வெச்சுடறேன். ம், சொல்லு.

மகள்: கிழவி மூணாவது படிக்கு வலது கால தூக்கியிருந்தா. உங்க போன் வந்துச்சு. தூக்கின கால தூக்கினபடியே விட்டுட்டு ஓடிட்டேன். லைட்ட அணைக்கல. செருப்பு போடல. எல்லாம் முடிஞ்சு பன்னெண்டு நாள் கழிச்சுப் போனா, கால் சரிஞ்சு படில முட்டிக்கிட்டு நிக்குது. அங்கிருந்து மேல எடுத்தேன். பல்பு போச்சுன்னு டைரக்டர்கிட்ட ஒரு பொய். அவ்வளவுதான்.

அப்பா: பத்து மணிக்கே கிளம்பிட்டியா?

மகள்: பத்து அஞ்சு இருக்கும்.

அப்பா: அப்ப ஒரு வருஷமா நான் உன்னைப் பேசின பேச்சு... ஏண்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? அத்தனை பேர் முன்னாடி உன்னைக் காறித் துப்பாத குறையா...

மகள்: சொன்னா அடுத்ததக் கேப்பீங்க.

அப்பா: அடுத்தது என்ன?

மகள்: பத்து அஞ்சுக்குக் கிளம்பினவ அஞ்சு மணி வரைக்கும் எங்கடி இருந்தேன்னு.

அப்பா: ...எங்க இருந்தே?

மகள்: ஆஸ்பத்திரிலதான். பதினொண்ணே காலுக்கு வந்துட்டேன்.

அப்பா: மாடிக்கு வரலியே.

மகள்: வரல. கீழ பின்பக்கம் ஒடஞ்ச கட்டிலெல்லாம் குவிச்சு வெச்சிருப்பாங்க பாருங்க, தண்ணி டேங்க்கிட்ட. அங்க உக்காந்திருந்தேன். ரெண்டு தரம் லிஃப்ட் வரைக்கும் போனேன். கதவு தொறந்துச்சு. மூடிச்சு. திரும்பி வந்து அதே கட்டில்ல உக்காந்துட்டேன். அம்மா மூஞ்சப் பாக்க பயமா இருந்துச்சுப்பா. என்னைப் பாத்ததும் சரி, வந்துட்டான்னு கண்ண மூடிருவாளோன்னு... நான் போகாத வரைக்கும் இருப்பான்னு ஒரு கிறுக்கு. வேலை முடியலன்னு சொன்னா வேலைப் பைத்தியம்னு திட்டுவாங்க. திட்டட்டும். பெத்த அம்மாவப் பாக்க பயந்து கீழ பதுங்கிக் கிடந்தவன்னு யாருகிட்டப்பா சொல்றது? இப்ப அந்தக் கால மறுபடி தூக்குன்னு சொல்றாங்க. என்னால ஆகாது. வெட்டிட்டுப் போகட்டும்.

அப்பா: நீ... அந்தச் சீட்ட இப்படிக் குடு.

மகள்: எதுக்கு? நீங்க எழுதினது தப்பில்ல. அத ஒத்துக்கிட்டுப் போலாம்னுதான் வந்தேன். எனக்கு இருக்கற ஒரே ஆறுதல் நீங்கதான். அவ தனியாப் போகல. நீங்க இருந்தீங்க, உங்க மடில தலை வெச்சு, என் பேரச் சொல்லி... நீங்க என்னைக் குத்திக் காட்டறதுக்காகச் சொல்லும்போதெல்லாம், நான் அத வேற மாதிரித்தான் கேட்டுக்குவேன்.

அப்பா: அந்தக் கட்டில் குவியல்... டேங்குக்கு இந்தப் பக்கம், ரோட்டோரமா உக்காந்திருந்தியா?

மகள்: ஆமா. ஏன்?

அப்பா: நான் அந்தப் பக்கம் உக்காந்திருந்தேன். பன்னெண்டு மணிலேருந்து. நர்ஸு கீழ எறங்கி வந்து, என்னைத் தேடிப் பிடிச்சுத்தான் அவ போயிட்டான்னு சொன்னா.