சிவப்புத் துணி கட்டிய கூடை

— ஏனுங்க, கூடை முழுக்க அரிஞ்சுட்டேன். ஒரு புழுவக் காணமே.

— புழு கிட்ட வருமா, புள்ள? தனபால் கத்தரிக்கான்னா வியாபாரி லாரியோட வந்து நிப்பான். இன்னைக்குக் கொல்லிமலைக்காரங்களும் தெரிஞ்சுக்கட்டும்.

— சாமைச் சோறும் தினைப் பாயசமும் அவங்க பண்ணீட்டாங்க. கொழம்பு நம்ம பொறுப்புன்னு விருந்து நடத்தற சின்னாயி அக்கா நம்பிச் சொல்லியிருக்குது.

— நம்ம கொழம்புதான் மொதல்ல தீரும். பஸ்ஸுல எழுவது வளைவும் மடியில வச்சுக் கொண்டாந்த கூடை. கூப்புட்டுத் துண்டு போத்துவாங்க, பாத்துக்க.

— துண்டு இருக்கட்டும். இது நம்ம ஊட்டுக்குப் பின்னால இருக்கற செடியில பறிச்சதுதானுங்களே?

— அந்தச் சொத்தையையா? நாலு பேரு கூடற எடத்துக்கு அதையா கொண்டாறது? இது சந்தைக்குன்னு நம்ம அடையாளமா செவப்புத் துணி கட்டி வச்ச கூடை. எண்ணெ தேச்சாப்பல எப்புடி மினுங்குது பாரு.

— வாசல்ல மருந்தில்லா வெள்ளாமை, குடும்ப விருந்துன்னு எழுதிக் கட்டியிருக்காங்களே, பாக்கலீங்களா?

— எழுதுனதையா திங்கப் போறாங்க? ருசிதான் பேசும்.

— நம்ம சட்டியில அந்தக் காய் இன்னைக்கு வரைக்கும் ஏறுனதில்லீங்க.

— இது நம்ம சட்டி இல்லயே. கிண்டு, கிண்டு.

— கொழம்பு கொதிச்சாச்சு. இங்க ஒரு வழக்கம் இருக்குது, தெரியுங்களா?

— என்ன, சாமி கும்புடோணுமா? கும்புட்டுட்டாப் போச்சு.

— வெளைய வச்சவரு மொத உருண்டையத் தன்ற புள்ளைக்கு ஊட்டோணும். பொறவுதான் பந்தியில எல போடுவாங்க.

— ரெண்டாயிரமாவது வருசம் பொறந்தும் இப்புடி ஒரு வழக்கமா?

— நம்ம சுகந்தி ஹாஸ்டல்ல இருந்து வந்ததும் பசிங்கறா. கூப்புடட்டுங்களா?

— இரு, நாகு. அவளுக்கு மோருஞ்சோறு குடு.

— ஏனுங்க?

— முந்தாநேத்துத்தான் மருந்தடிச்சேன். சந்தைக்குப் போறதுதானேன்னு. நாம திங்கறதுக்குத்தான் மருந்து காட்டாத செடி தனியா இருக்குதே. எல்லாத் தோட்டத்துலயும் அப்புடித்தான்.

— பந்தியில உக்காரப் போற புள்ளைங்க திங்கலாமுங்களா?

— திங்கக் கூடாது. நீ கேட்டது ஞாயந்தான். சட்டிய அந்தப் பக்கம் புடி, குழி தோண்டிக் கொட்டீரலாம்.

— பந்திக்கு என்ன சொல்றதுங்க?

— மருந்தடிச்ச காயின்னு நானே சொல்லிக்கறேன். மானம் போனாப் போவட்டும். என்ற புள்ள வாய்க்கு இதுவரைக்கும் ஒரு சொட்டு மருந்து போனதில்ல, நாகு. அது ஒண்ணு போதும் எனக்கு.

— அப்பா, கொழம்ப எங்கப்பா தூக்கிட்டுப் போறீங்க? எனக்கு வேணும்.

— நீ பாயசம் குடி, கண்ணு. இந்தக் கத்தரிக்கா உனக்கு வேண்டா.

— எங்க ஹாஸ்டல்ல வாராவாரம் இதுதானப்பா. சந்தையில இருந்து வர்ற கூடையில உங்க செவப்புத் துணி கட்டியிருக்கும். எங்கப்பா காயின்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டு, நான் மட்டும் ரெண்டாந்தடவையும் கேட்டு வாங்கித் திம்பேன்.