வயசு ஆறு மாசம்தான்

நிஜாம் ரயிலில், பெண்களுக்கான ஜனானாப் பெட்டி. லாலாகூடாவில் ஏறிய இளம்பெண் ஒருத்தி என் எதிரே அமர்ந்து, மடியில் குழந்தையை உட்கார வைத்துப் பார்த்தாள். அது சரிந்தது.

"எத்தனை மாசம்?" என்றாள் பக்கத்திலிருந்த பருத்த அம்மாள்.

"பொறந்து எட்டு மாசம் ஆச்சுக்கா. ஆனா வயசு ஆறு மாசம்தான்."

"இதென்ன கணக்கு? எட்டு மாசத்துல எங்க ரயில்வே லைன் வீட்டுப் புள்ளைங்க எல்லாம் தவழுதுங்க. டாக்டரம்மாகிட்ட காட்டு."

"ஒன்பதாம் மாசம் வளைகாப்புன்னு வளையல் வாங்கி வெச்சிருந்தோம். ஏழுலயே வந்துட்டா. ரெண்டு மாசம் பஞ்சுல சுத்தி நெஞ்சோட வெச்சுக்கிட்டிருந்தேன். அது வயித்துக்குள்ள இருந்திருக்க வேண்டிய நாளுக்கா. அதை எப்படி வயசுல சேக்கறது?"

அம்மாள் குழந்தையின் முதுகுக்குத் தன் உள்ளங்கையைக் கொடுத்தாள். அது நிமிர்ந்து, தலையை நேராக நிறுத்தி, அவளையே பார்த்தது.

சிகந்தராபாத்தில் ஏறிய புர்கா அணிந்த பெண், "கித்னே மஹினே கி?" என்று மாசம் கேட்டாள்.

தாய் வாய் திறப்பதற்குள் அம்மாள் முந்திக்கொண்டாள்.

"சே மஹினே! ஆறே மாசம்! அதுக்குள்ள தலை எப்படி நிக்குது பாருங்க!"