நாயை மாற்றிப் பிடிக்கச் சொன்னேன்

எனக்கு நாய்கள் என்றால் அவ்வளவாகப் பிடிக்காது. பிள்ளைகளைத்தான் பிடிக்கும். அதனால்தான் துரைமார் கிளப்பில் நடுவராக இருக்கச் சொன்னபோது உடனே சரி என்றேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

என் பெயர் மத்தியாஸ். சித்திரபுரத்துக்கு மேலே இருக்கும் தேயிலை எஸ்டேட்டில் பதினாறு வருஷமாகக் கம்பவுண்டர். டாக்டர் மாதத்துக்கு இரண்டு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் மனிதருக்கும் மாட்டுக்கும் துரை வீட்டு நாய்க்கும் மருந்து கட்டுவது நான்தான்.

கிளப்பில் ஏப்ரல் தோறும் நாய்க் கண்காட்சி நடக்கும். அதில் பிள்ளைகளுக்கென்று ஒரு போட்டி உண்டு. துரைமாரின் நாய்களைக் குளிப்பாட்டிச் சோறு வைத்து வளர்ப்பது எங்கள் ஆட்களின் பிள்ளைகள்தானே. இந்தப் போட்டியில் நாயின் அழகைப் பார்ப்பதில்லை, அதைப் பிடித்துக் காட்டும் பிள்ளையின் திறமையைத்தான் பார்ப்பார்கள். நாயை நடத்த வேண்டும், அசையாமல் நிறுத்த வேண்டும், வாயைத் திறந்து பல்லைக் காட்ட வேண்டும். நடுவர் விரும்பினால் நாய்களை மாற்றிப் பிடிக்கவும் சொல்லலாம். பழகாத நாயிடம் ஒரு பிள்ளை எப்படி நடந்துகொள்கிறது என்று அதில் தெரிந்துவிடும். நல்ல ஏற்பாடு.

வழக்கமாக வரும் நடுவர் துரைக்கு இந்த வருஷம் மஞ்சள் காமாலை. பெரிய துரைசாணி என்னைக் கூப்பிட்டார். என் சட்டையில் நீல ரிப்பனைத் தன் கையாலேயே குத்திவிட்டார். எங்கள் ஆள் ஒருவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

ஆறு பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். என் மகன் சகாயமும் ஒருவன், பதினோரு வயது. அவன் பிடித்திருந்தது பெரிய துரைசாணியின் நாய், டாஃபி. நடுவரின் மகன் போட்டியில் இருக்கலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. என் நியாயம் எல்லாருக்கும் தெரியும்.

டாஃபி என் முன்னால் வந்து நின்றதுமே தெரிந்துவிட்டது. கீழ்த்தாடை தொங்கியது. எச்சில் நூலாக வடிந்தது. வெயிலாக இருக்கிறதே என்று யாரோ கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார்கள். மூக்கை முக்கியதே தவிர ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. இரண்டு வருஷம் முன்பு கங்காணி வீட்டு நாய் இப்படித்தான் நின்றது. அது கடித்த ஆளைக் கட்டிலோடு கட்டி வைத்தவன் நான். எனக்குச் சந்தேகமே இல்லை.

"அப்பா, டாஃபி காலையில இருந்து ஒண்ணும் திங்கலப்பா" என்றான் சகாயம்.

அடுத்தது பல் பார்ப்பது. அவன் அந்த வாய்க்குள் கையை விட வேண்டும்.

போட்டியை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால், துரைசாணியின் நாய்க்கு வெறி என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல வேண்டும். துப்பாக்கி வரும், அழுகை வரும், நான் ரிப்பனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். உட்கார்ந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அதனால் விதியில் இருந்ததையே செய்தேன்.

"எல்லாரும் நாயை மாத்திப் பிடிங்க" என்றேன்.

சகாயத்துக்கு வலப்பக்கம் ஹெட்கிளார்க்கின் மகன் மரியஜோசப் நின்றான். இடப்பக்கம் ரோசி. கொழுந்து எடுக்கும் கத்தரீனாளின் ஒரே மகள், பத்து வயது. எந்தப் பக்கம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். இடப்பக்கம் என்றேன். டாஃபியின் வார் ரோசி கைக்குப் போனது. ஏதாவது ஒரு பக்கம் சொல்லித்தானே ஆக வேண்டும்.

அவள் நன்றாகச் செய்தாள். முதலில் மண்டியிட்டு நாயின் காதைத் தடவிக்கொடுத்தாள். பிறகு உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டினாள். பல் அவள் பெருவிரலைக் கீறியது. முகம் சுளிக்கவில்லை, வாரை விடவுமில்லை.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்லய்யா. இதுக்குத்தான் மேலுக்குச் சொகமில்ல போல, பாவம்."

நானே அயோடின் போட்டுத் துணி சுற்றிவிட்டேன். டிஸ்பென்சரிப் பதிவுப் புத்தகத்தில் முள் கீறல் என்று இருக்கிறதல்லவா, அது என் கையெழுத்துதான்.

இப்போது வந்திருக்கும் புது டாக்டர் உங்களிடம் கொடுத்த குன்னூர் ஆஸ்பத்திரிச் சீட்டும் எங்களுடையதுதான். சகாயம் அன்று காலை டாஃபியைக் குளிப்பாட்டியிருந்தான். கையெல்லாம் எச்சில் பட்டிருந்தது. மறுநாளே, அத்தை வீட்டுக்கு என்று சொல்லி, மறையூர் வழியாக உடுமலைப்பேட்டை போய் அங்கிருந்து குன்னூருக்குக் கூட்டிப்போனேன். வெறிநாய் ஊசி, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு. என் தங்கை வீட்டில் அவனை விட்டுவிட்டுத் திரும்பினேன். நான் வந்து சேர்ந்த அன்று டாஃபி செத்தது. குடல் புழு என்று துரைசாணியிடம் சொன்னேன்.

குன்னூருக்குக் கிளம்பிய அன்று ரோசி லயத்து வீட்டு வாசலில் நின்றாள். துணி சுற்றிய கையால் சகாயத்துக்கு டாட்டா காட்டினாள். பஸ்ஸில் இடம் இருந்தது. அவளையும் ஏற்றியிருக்கலாம். எதற்கு என்று கத்தரீனாள் கேட்பாள்.

ஆறு வாரம் கழித்துக் கத்தரீனாள் அவளைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தாள்.

"ஐயா, புள்ள தண்ணி வேணுங்கா. கிட்டக் கொண்டுபோனா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அலறுதா. என்னன்னு பாருங்கய்யா."

காய்ச்சல் என்றேன். அதற்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, டாக்டரையே கேட்டுப் பாருங்கள். இரண்டு நாள் இருந்தாள். கட்டிலோடு கட்டியபோது என் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் கட்டினேன். கயிறு கையை அறுக்கும்.

நாயைத் தெரிந்துதான் கொடுத்தேன். கீறலையும் தெரிந்துதான் மறைத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஆனால் ஒன்று மட்டும் எழுதாமல் விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு முதல் பரிசு ரோசிக்குத்தான் கொடுத்தேன். வெள்ளிக் கோப்பை. அதைப் பெட்டிக்குள் அவள் பக்கத்தில் வைத்துத்தான் அடக்கம் செய்தார்கள். சகாயத்துக்கு மூன்றாம் இடம்கூடக் கொடுக்கவில்லை. சொந்த மகன் என்று நான் ஓரவஞ்சனை செய்ததாக அந்த மலையில் ஒருவரும் சொல்ல முடியாது.