முட்டை போடு

– அடுத்ததைப் படி. கண்ணைத்தான் மூடியிருக்கேன், காது திறந்துதான் இருக்கு.

– "நாணயத்தைச் சுண்டியபோது தொடர்ந்து தலையே விழுந்தது. அடுத்த முறை பூ விழும் வாய்ப்பு என்ன?" இந்தப் பையன் எழுதியிருக்கான்: "இவ்வளவு நேரம் தலையே விழுந்ததால் இனி பூ விழுந்தே தீரும்."

– கேட்டியா கூத்தை! விழுந்தே தீருமாம்! போன தடவை எப்படி விழுந்தோம்னு நாணயம் உக்காந்து யோசிக்குமா? முட்டை போடு.

– பாவங்க, கையெழுத்து மணிமணியா இருக்கு.

– கையெழுத்துக்கா மார்க்கு? இதுங்க எழுதினதைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருதுன்னுதானே உன்னைப் படிக்கச் சொல்றேன். பெரிய முட்டையா போடு.

– போட்டாச்சு. ஏங்க, நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு...

– அடுத்த தாள்.

– "நாளை மழை பெய்ய எவ்வளவு வாய்ப்பு?" "பெய்யும், அல்லது பெய்யாது. ஆகவே பாதிக்குப் பாதி."

– அடடடா! அப்ப இவன் தேறுவான், இல்ல தேற மாட்டான். அதுவும் பாதிக்குப் பாதியா? வருஷம் பூரா தொண்டை கிழியக் கத்தினேன். எருமை மாட்டு மேல மழை பேஞ்ச மாதிரி. முட்டை!

– டாக்டரம்மா நாளைக்கே கண்டிப்பா வரச் சொல்லியிருக்காங்க. வயித்துல இருக்கிறதுக்கும் அந்த நோய் இருக்கான்னு பாக்கணுமாம். இதுக்கு மேல தள்ளிப் போடக் கூடாதாம்.

– மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? வயித்துல ஊசியைக் குத்துவாங்க. எதுக்கு வீண் வம்பு? இந்தக் குழந்தைக்கு ஒண்ணும் வராது.

– உள்ள தூங்குறாளே நம்ம பொண்ணு, அவளுக்கும் ஒண்ணும் வராதுன்னுதான் இருந்தோம். மாசாமாசம் ரத்தம் ஏத்தி ஏத்தி, ஊசி போட அந்தப் பிஞ்சுக் கையில நரம்பு கிடைக்க மாட்டேங்குது. நம்ம ரெண்டு பேர் ரத்தத்துலயும் அந்தக் கோளாறு இருக்குன்னாங்களே.

– எல்லாம் தெரியும். கணக்கு வாத்தியார் கணக்குப் போட்டுச் சொல்றேன், நம்ப மாட்டியா? உனக்கு எதுக்கு அந்தக் கவலையெல்லாம்? தாளைப் படி.

– சரிங்க... இது கடைசிக் கேள்வி. "சொந்தமாக ஓர் உதாரணம் தந்து விளக்குக."

– ஐயோ, சொந்த மூளையை வேற வெளிய எடுக்கப் போகுதுங்க. படி, படி.

– "ஒரு பையில் மூன்று வெள்ளைக் கோலி, ஒரு கறுப்புக் கோலி. ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பப் பைக்குள்ளேயே போட்டுக் குலுக்க வேண்டும். முதல் தடவையே கறுப்பு வந்தது."

– சரி, அப்புறம் என்ன சொல்லுது அந்த அறிவுக்கொழுந்து?

– "கறுப்பு வந்து முடிந்துவிட்டது. இனி வருவதெல்லாம் வெள்ளைதான். பயப்பட வேண்டாம்."

– பயப்பட வேண்டாமா! இது விடையா, துக்கம் விசாரிக்கிற வீடா?

– நல்ல மனசோட சொன்ன மாதிரிதான் இருக்கு.

– நல்ல மனசை வச்சு நாக்கு வழிக்கவா? எடுத்த கோலியைத் திரும்பப் போட்டாச்சில்ல? கறுப்பு உள்ளதானே கிடக்கு? கையை விடுற ஒவ்வொரு தடவையும் அதே நாலுல ஒண்ணுதான். முன்னாடி பட்டது போதும்னு பை பாவம் பாக்குமா?

– பாக்காதா?

– பாக்காது! பச்சைப் புள்ளைக்குத் தெரியும் இது.

– நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மார்க் போட்டா போட்டதுதான்.

– இதுல யோசிக்க என்ன கிடக்கு? முட்டை போடு. யாருடி அந்த முட்டாள்? பேரைச் சொல்லு, நாளைக்கு வகுப்புல பெஞ்சு மேல ஏத்துறேன்.

– அது எந்தத் தாள்லயும் இல்லீங்க. கோலியும் பையும் மட்டுந்தான் நான் சேர்த்தது. மிச்சமெல்லாம், பொறக்கிறதுல நாலுல ஒண்ணுக்கு வரலாம்னு டாக்டரம்மா சொன்ன அன்னிக்கு, ஆஸ்பத்திரிப் படியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு நீங்க சொன்னது. கண்ணைத் திறங்க, காலையில சீக்கிரம் கிளம்பணும்.