காவிக்கோடு

எனக்கு டி.வி. பார்க்கும் பழக்கம் கிடையாது. செய்தி பார்ப்பேன், அதுவும் மழை வருமா வராதா என்று சொல்கிற இடம் வரைக்கும். அதனால் பறக்கிற பெண்ணை வைத்து ஒரு தொடர் எடுக்கப் போகிறார்கள், அந்தப் பெண்ணைத் தேடி அரியலூருக்கே வந்திருக்கிறார்கள் என்று என் மனைவி வேம்பு சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "நம்மூர்ல பறக்குறது புழுதி ஒண்ணுதான்" என்றேன்.

என் பெயர் ஆண்டவர். எங்கள் பக்கத்தில் இது சாதாரணப் பெயர். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறேன். கல் எடுத்து முடித்த பழைய குழியில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும். கோடையில் லாரிப் பாதையின் புழுதி அடங்க அதிலிருந்துதான் தண்ணீர் இறைப்போம். அந்தக் குழியின் ஒரு பக்கத்தில் பாறை ஒன்று பலகை போல நீட்டிக்கொண்டிருக்கும். ஊர்ப் பிள்ளைகள் அதன்மேல் ஏறிக் குதிப்பார்கள். விரட்டிப் பார்த்தோம், அடங்கவில்லை. தண்ணீர் பச்சையாகக் கலங்கி இருக்கும். அடி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு வருடம் ஒருத்தி கணுக்காலை உடைத்துக்கொண்டாள். அதன் பிறகு நானே கயிற்றில் கல் கட்டி விட்டு ஆழம் பார்த்து, எதிர்ச்சுவரில் காவியைக் கரைத்து ஒரு கோடு போட்டேன். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் கீழே இரண்டு ஆள் ஆழம் இருக்கிறது என்று அர்த்தம். கோடு முழுசாக வெளியே தெரிந்தால் குதிக்கக் கூடாது. 'காவி முழுகினா குதி, காவி தெரிஞ்சா குந்து' என்று பிள்ளைகள் அதைப் பாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். வருடா வருடம் பொங்கலுக்கு வீட்டுக்குக் காவி அடிக்கும்போது மீதியைக் கொண்டுபோய் அந்தக் கோட்டையும் புதுப்பிப்பேன்.

டி.வி.க்காரர்கள் வந்தது 2001 சித்திரையில். தொடருக்குக் 'காற்றுக்கன்னி' என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் சுரங்கம் வேற்றுக் கிரகம் போல இருக்கிறதாம். படப்பிடிப்பு இங்கே நடத்தலாம், கதாநாயகிக்கும் இந்தப் பக்கத்திலேயே புதுமுகம் பார்க்கலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். கல்யாண மண்டபத்தில் அறுபது பெண்கள் கூடியிருந்தார்கள். ஒவ்வொருத்தியாகக் கழுத்தில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு மேடையில் ஓட வேண்டும், இடுப்பில் கை வைத்து நின்று எதிரே இல்லாத திருடனை அதட்ட வேண்டும். செந்துறையிலிருந்து மகளை அழைத்து வந்த ஒருவர், "எம்பொண்ண தலகீழா மட்டும் தொங்க வுட்றாதீங்க சார், சாப்புட்டு வந்துருக்கு" என்று கேட்டுக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். இரண்டு பேரும் என் வீட்டுப் பெண்கள். ஒருத்தி என் மகள் அனுசுயா. மற்றவள் சிந்தாமணி, என் அக்கா மகள். அக்கா இறந்த பிறகு அவள் அப்பன் திருப்பூருக்குப் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். ஏழு வயதில் சிந்தாமணியை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே தட்டு, ஒரே பாய். அவள் பெரியவளானபோது தென்னங்கீற்று வெட்டி வந்து குச்சு கட்டியவன் நான். தாய்மாமன் செய்ய வேண்டிய சீரில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டு வாசலுக்கு வந்த எவரும் அனுசுயாவை முதலில் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயமா, சிந்தாமணி. கோயிலில் கும்மியா, சிந்தாமணி. வேம்புகூட அடுப்படியிலிருந்து "சிந்தாமணி, அனு" என்று அந்த வரிசையில்தான் கூப்பிடுவாள். அனுசுயா அதைப் பற்றி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் எனக்கு வலித்தது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்குப் பத்து வருடமாக ஆடிக்கொண்டிருந்தது.

தொடர் எடுக்கிற கம்பெனியின் மேனேஜர் பரணிதரன் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், காபியைக் கீழே வைக்காமல் குடித்தார். "முகத்துக்கு ஒண்ணு, வேகத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டும் உங்க வூட்லயே இருக்கு சார். சிந்தாமணி அந்தக் குழில குதிக்கும்னு சொல்றாங்க. அத நேர்ல பாக்காம நாங்க முடிவு சொல்ல முடியாது" என்றார். சிந்தாமணி குதித்துப் பார்த்தவன் நான். கைகளை விரித்துக்கொண்டு, காலை ஒட்டி வைத்து, ஒரு கணம் காற்றில் நின்றுவிட்டுத்தான் கீழே வருவாள். அதைப் பார்த்தால் எந்தக் கம்பெனியும் என் மகளைத் திரும்பிப் பார்க்காது.

வைகாசியில் பரணிதரன் சுரங்க ஆபீசுக்குப் போன் செய்து என்னைக் கூப்பிட்டார். குழியில் போதுமான தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. வெயில் காலம், லாரிப் பாதைக்கு இறைத்து இறைத்து ஆறடி இறங்கியிருந்தது. கோடு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. "இல்லேன்னா சொல்லிடுங்க சார், மழ முடிஞ்சி வரோம். அவசரமில்ல" என்றார். மழை முடிந்தால் குழி நிறையும். சிந்தாமணி குதிப்பாள், கதை முடிந்துவிடும். நான், "இருக்குங்க, சனிக்கிழமை வாங்க" என்றேன்.

நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கணுக்கால் பிசகினால் போதும் என்று நினைத்தேன். மூன்று மாதம் கட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பாள், அதற்குள் அவர்கள் அனுசுயாவை எடுத்துக்கொள்வார்கள். ஒரு பெண்ணின் மூன்று மாதத்துக்கு இன்னொரு பெண்ணின் வாழ்க்கை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பெரிய விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

எங்கள் சுரங்கத்தில் பகல் ஒரு மணிக்கு வெடி வைப்பார்கள். சங்கு ஊதியதும் அத்தனை பேரும் மேலே போய்விட வேண்டும். மறு சங்கு ஊத ஒரு மணி நேரம் ஆகும். மோட்டார் கொட்டகையில் இருப்பவன் மட்டும் உள்ளேயே இருக்கலாம். வெள்ளிக்கிழமை அந்த ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்தேன். பழைய கோட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கல்தூளைக் குழைத்து மேலே பூசினேன். ஆறடி கீழே, தண்ணீர் விளிம்பில், புதிதாகக் காவி அடித்தேன். கல் ஈரமாக இருந்ததால் காவி சரியாகப் பிடிக்கவில்லை. தூரத்திலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேனில் வந்தார்கள். இரண்டு பெண்களும் அதிலேயே வந்தார்கள். சிந்தாமணி சுடிதாருக்கு மேல் அந்தச் சிவப்புத் துண்டைக் கட்டியிருந்தாள். பரீட்சை, ரிசல்ட் என்று இரண்டு மாதமாக அவள் குழிப் பக்கமே வரவில்லை. பாறைமேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தாள்.

அப்போது பரணிதரன் என் தோளில் கை போட்டார். "சந்தோஷமான சேதி சார். காற்றுக்கன்னி உங்க அனுசுயாதான். கேமராவுக்கு அந்த முகந்தான் எடுப்பா இருக்கு. குதிக்கிறது தாவுறதுக்கு மட்டும் சிந்தாமணி டூப் போடட்டும். அந்தப் பொண்ணே நேத்து எங்ககிட்ட சொல்லுச்சு, 'அனு மொகத்தக் காட்டட்டும், நான் குதிச்சிக்கிறேன்'னு. இன்னிக்கு சும்மா கேமராவ எங்க வைக்கலாம்னு பாக்கத்தான் குதிக்கச் சொல்றோம்."

நான் என்ன கேட்டேனோ அது கிடைத்துவிட்டது. அதுவும் சிந்தாமணி விட்டுக்கொடுத்ததால்தான். நான் சேதியை மனதுக்குள் வாங்கிக்கொண்டிருந்தபோதே அவள் மேலிருந்து கேட்டாள்.

"மாமா, தண்ணி எறங்குனாப்ல தெரியுதுங்களே?"

சொல்லியிருக்கலாம். 'எறங்கி வா பாப்பா' என்றால் போதும். ஆனால் இறங்கி வந்தால், தண்ணீர் இருக்கிறது என்று போனில் ஏன் சொன்னீர்கள் என்று பரணிதரன் கேட்பார். கோடு எப்படி இறங்கியது என்று அடுத்த கேள்வி வரும். அனுசுயா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று தெரிந்த அதே நிமிடத்தில் அப்பா இப்படிப்பட்டவர் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். ஒரு தகப்பன் அப்படித்தான் நினைப்பான். கணுக்கால்தானே என்றும் நினைத்தேன்.

"காவியப் பாரு பாப்பா" என்றேன்.

"காவியத் தண்ணி தொட்டுக்கிட்டுத்தான் இருக்கு."

"அப்பறம் என்ன?"

அவள் கைகளை விரித்துக் குதித்தாள். ஒரு கணம் காற்றில் நின்றாள். கேமராக்காரர் "ஆகா" என்றார்.

முதலில் தண்ணீரில் பாய்ந்தவன் நான்தான். அவள் கையாலேயே துழாவிப்போய், இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல், எதிர்ச்சுவரைப் பிடித்துக்கொண்டு மிதந்தாள். கரைக்குத் தூக்கி வந்தபோது இரண்டு உள்ளங்கையும் சிவப்பாக இருந்தன. ரத்தம், ரத்தம் என்று அனுசுயா கத்தினாள். நான் என் துண்டால் துடைத்தேன். துடைத்த இடத்தில் காயம் எதுவும் இல்லை. சிந்தாமணி தன் கையைப் பார்த்தாள், என் துண்டைப் பார்த்தாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். வலியில் மூடினாள் என்று நினைத்தேன்.

திருச்சியில் முதுகெலும்பு நொறுங்கிவிட்டது என்றார்கள். வெடி வைத்ததில் பாறை சரிந்து குழியின் அடியை மேடாக்கியிருக்கும் என்று ஆபீஸ்காரர்களே காரணமும் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். மூன்றாம் நாள் வந்து கோட்டைப் பழைய இடத்தில் போட்டேன். பரணிதரன் இரண்டு முறை வந்து கூப்பிட்டும் அனுசுயா நடிக்கப் போகவில்லை. காரணம் சொல்லவில்லை. சென்னையில் யாரோ ஒரு பெண்ணை வைத்துத் தொடரை எடுத்தார்கள்.

ஆறு வருடம் சிந்தாமணியை என் வீட்டில் வைத்துப் பார்த்தேன். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் நான்தான் புரட்டுவேன். வெயிலில் படுக்க வைப்பேன், சோறு பிசைந்து ஊட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்றுக்கன்னி வரும்போது தூக்கிக்கொண்டுபோய் டி.வி. முன்னால் சாய்த்து வைப்பேன். ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தாள். "அந்தப் பொண்ணுக்குக் குதிக்கவே தெரியல மாமா, கால விரிச்சிக்கிட்டு விழுது" என்று ஒருநாள் சொன்னாள். அன்றைக்கு நான் கொல்லைக்குப் போய் அழுதேன். எனக்கு அழுகை வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். "தாய்மாமன்னா ஆண்டவர் மாதிரி இருக்கணும்" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

போன ஐப்பசி அடைமழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். நான்கே நாள். கோடித்துணி நான்தான் போட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு அனுசுயா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இப்போது இருபத்து நான்கு. வந்த வரன் எல்லாவற்றையும் தட்டிவிட்டு சிந்தாமணியின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்திருந்தவள். குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"ஆஸ்பத்திரில மொத வாரமே அவ சொல்லிட்டாப்பா. கையில ஒட்டுனது ரத்தமில்ல, காவி, ஈரம் காயாத காவி. மாமா கோட்ட எறக்கிப் போட்டுட்டாருன்னு சொன்னா. கேட்டுடாத அனு, தாங்க மாட்டாரு, அவர வுட்டா எனக்கு வேற யாரு இருக்கா, எங்க போவேன்னு அழுதா. தலைல அடிச்சி சத்தியம் வாங்கிக்கிட்டா. அவ இருக்குற வரைக்குந்தான் அந்தச் சத்தியம். இப்ப நீங்களா போய்ச் சொல்றீங்களா, நான் போவட்டுமா?"

அவ்வளவுதான் நடந்தது. அனுசுயா இப்போது ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளையும் கூப்பிட்டுக் கேட்பீர்கள். கோபத்தில் ஏதாவது சொல்வாள், சின்னப் பெண். ஆனால் நான் யாருக்குத் தீங்கு செய்தேனோ, அவள் பேச்சுத்தானே பெரிது? அவளுக்கு ஆறு வருடம் இருந்தது. டாக்டரிடம் சொல்லியிருக்கலாம், பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கலாம், ஒரு கடுதாசி போட்டு உங்களையே கூப்பிட்டிருக்கலாம். எல்லாம் தெரிந்தும் தினமும் என் கையால்தான் சாப்பிட்டாள். அந்தப் பிள்ளைக்கு என் மேல் ஒரு குறையும் இல்லை என்பதை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.