நாலாவது கிளிப்பு

தங்கையன்: அய்யோ... இடுப்பு போச்சு. கபீர் பாய், காலப் புடிச்சு வெளிய இழுங்க. தல இன்னும் டேஷ்போர்டுக்குக் கீழதான் இருக்கு... மெல்ல! கழுத்த வண்டியிலயே விட்டுட்டு வந்துருவேன் போலருக்கு.

கபீர்: முடிஞ்சுதாண்ணே?

தங்கையன்: பிரிச்சுக் கட்டி மூணாந்தடவையா முடிஞ்சுது. பம்புசெட்டுக்கு வயரு இழுத்துக்கிட்டு செவனேன்னு கெடந்தவன். பிரெஞ்சுத் தொர விட்டுட்டுப் போன காரு, வயரப் பூரா எலி தின்னுருக்கு, புதுசா போட்டுத் தர்றேன்னு வந்தேன் பாருங்க... என் புத்திய எந்தச் செருப்பால அடிக்கிறதுன்னு தெரியல.

கபீர்: டார்ச்சக் குடுங்க, பாக்குறேன். ...ஆங்! நேத்து நாலாவது கிளிப்பு கோணலா இருந்துச்சு. பிரிச்சுக் கட்டுங்கன்னேன். இப்பப் பாருங்க, எப்புடி நிக்குது!

தங்கையன்: ஆமாமா... இப்ப நேராத்தான் நிக்குது.

கபீர்: துபாயில எத்தன வண்டிக்குள்ள பாத்த கண்ணு! ஆனா...

தங்கையன்: ஆனா வேணாம் பாய்.

கபீர்: பானட்லேருந்து தகரத்துத் தொள வழியா உள்ள வருதுல்ல, அங்க...

தங்கையன்: ரப்பர் வளையம் போட்டாச்சு. தகரம் அறுக்காது.

கபீர்: சைலன்சர் பக்கம்?

தங்கையன்: ஒரு முழம் தள்ளிக் கொண்டுபோயிருக்கேன். நாலு விரக்கடைக்கு ஒரு முடிச்சு. மெழுகு தடவுன வல நூலு. கையால இழுத்தாலும் வராது.

கபீர்: ஸ்டீயரிங் கிட்ட?

தங்கையன்: அத ஏன் கெளறுறீங்க? மொதத் தடவ செவுத்துல வயரு அடிக்கிற மாதிரி வெறப்பா இழுத்துட்டேன். திருப்புனதும் நசுங்கி, ஹாரன் கத்துன கத்துல தலத்தெரு ஊரே கூடிருச்சு. அது என் தப்பு. இப்பத் தாராளமா விட்டுருக்கேன். ஆனா ரெண்டாந்தடவ? டேப்பு கலரு புடிக்கலன்னு பிரிக்கச் சொன்னீங்களே! அந்த இருட்டுக்குள்ள எவன் பாக்கப்போறான்? மாப்ள தலப்பாவோட பூந்து பாப்பாரா?

கபீர்: தங்கச்சி கல்யாணம்ண்ணே. வெள்ளிக்கெழம மாப்ள ஊர்வலம் இந்த வண்டியிலதான். நானே ஓட்டுறேன்னு சம்பந்தி வீட்டுல சொல்லிட்டேன். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் மூஞ்சிய எங்க கொண்டு வைக்கிறது? அதான்... அந்த மஞ்ச வயர மட்டும் ஒரு தடவ பிரிச்சு...

தங்கையன்: போதும் பாய்! பிரிச்சுக் கட்டுனதுக்குக் கூலிக்குப் பதிலா, என் பொஞ்சாதி செல்லம்மாவ முன்சீட்டுல வச்சு திருநள்ளாறு ஓட்டிட்டுப் போறேன்னீங்க. அவ பொடவைய எடுத்து வச்சுக்கிட்டு, என்னைக்கு என்னைக்குன்னு என் உசுர வாங்குறா.

கமருன்னிசா: அண்ணே, டீ. முடிஞ்சுதா?

தங்கையன்: உங்க வூட்டுக்காரரக் கேளும்மா.

கமருன்னிசா: அவரு வேணாம், நீங்க சாவியத் திருப்புங்க. ...அட! லைட்டு எரியுது. வலது, எடது எல்லாம் எரியுது. இஞ்சினும் ஓடுது! மச்சான், ஒரு சுத்து போயிட்டு வருவமா? துப்பட்டியப் போத்திக்கிட்டு வந்துர்றேன்.

கபீர்: கமரு, பெட்ரோலு...

கமருன்னிசா: நேத்துதானே ஊத்துனீங்க? இருங்க, வந்துர்றேன்.

கபீர்: போயிட்டா... அண்ணே, சீக்கிரம்! எதையாவது ஒரு வயரப் புடுங்கி வுடுங்க.

தங்கையன்: என்னது?

கபீர்: புடுங்குங்கண்ணே! ...தள்ளுங்க, நானே... இது என்ன, வரமாட்டேங்குது?

தங்கையன்: எப்புடி வரும்? நீங்க சொன்ன மாதிரியே கட்டிருக்கேன்ல.

கபீர்: இது?

தங்கையன்: அதுவும் வராது. நாலு விரக்கடைக்கு ஒரு முடிச்சு.

கபீர்: அல்லாவே... கத்திரிக்கோலாச்சும்...

தங்கையன்: அது மேல கத்திரிக்கோல் பட்டுச்சு, நான் மனுசனா இருக்கமாட்டேன். என்ன பாய் ஆச்சு உங்களுக்கு?

கமருன்னிசா: வந்துட்டேன். ஏறுங்க மச்சான்.

கபீர்: கமரு... மச்சினன்காரன் நான் மாப்ளைக்குப் பக்கத்துல ஒக்காந்து வரணுமா, வண்டி ஓட்டணுமா?

கமருன்னிசா: அது வெள்ளிக்கெழமப் பேச்சு. இன்னைக்கு?

கபீர்: இன்னைக்கு... எனக்கு ஓட்டத் தெரியாது.

தங்கையன்: துபாயில டிரைவருன்னீங்களே!

கபீர்: கழுவுனேன்ண்ணே. பானட்டத் தொறந்து தொடைப்பேன். சாவிய ஒருத்தனும் கையில குடுத்ததில்ல.

கமருன்னிசா: தெரியும்.

கபீர்: தெரியுமா?

கமருன்னிசா: துபாயிலேருந்து நீங்க அனுப்புனதுல போட்டாவுக்குப் போட்டா வேற வேற காரு. எல்லாத்துலயும் உங்க கைலி முட்டிக்கு மேல, கால் நனைஞ்சு கெடக்குது. லாரி ஓட்டுற முத்தையண்ணங்கிட்ட வெள்ளிக்கெழமைக்குச் சொல்லி வச்சாச்சு. நீங்களா வாயத் தொறக்குறீங்களான்னு பாத்தேன்.

கபீர்: அப்ப நான் ஓட்டாமத் தப்பிக்க இந்த மனுசன சும்மா சும்மா பிரிக்கவச்சு, இடுப்ப ஒடிச்சதெல்லாம்... அண்ணே, மன்னிச்சுருங்க.

தங்கையன்: மன்னிக்கிறதுக்கு என்ன இருக்கு பாய், நான் மட்டும் என்ன யோக்கியனா? மூணாந்தடவ நான் பிரிக்கவே இல்ல. கிளட்சு மேல தலைய வச்சுத் தூங்கிட்டேன், இடுப்பு புடிச்சது அதுலதான். அந்த நாலாவது கிளிப்பு நேத்து இருந்த மாதிரியேதான் இருக்கு. அதனால மூணாந்தடவைக்குக் கூலிப் பேச்சு வேணாம். முத்தையங்கிட்ட நல்லா ஓட்டக் கத்துக்குங்க... செல்லம்மாவுக்குத் திருநள்ளாறு ஒரு சவாரி பாக்கி.